நயாகரா பாக்க வந்தோம்

சிரிக்காதீங்க தங்கச்சி. இப்ப அந்த டி.டி.ஆர் வந்து டிக்கெட் கேட்டாருல்ல, நான் என்ன சொன்னேன்னு உங்க காதுல விழுந்துச்சுதானே? "நயாகரா பாக்க வந்தோம் சார்"னு சொல்லிட்டேன். கையில நீட்டுனது டிக்கெட்டும் இல்ல, பாஸ்போர்ட்டு. அந்த மனுசன் என்னைய ஏற இறங்கப் பாத்துட்டு, "டிக்கெட்டக் காட்டுங்கம்மா, இது டெல்லிதான் போகுது"ன்னாரு. கோட்டுப் போட்ட ஆளு முன்னால வந்து நின்னாலே எனக்கு இப்பல்லாம் இப்படித்தான் ஆகுது. வாய் தானாப் பேசிருது. ஒரு வருசமா இந்தப் பயம்.

எங்களுக்குச் சாத்தூரு. நீங்க மெட்ராசுல ஏறும்போதே பாத்திருப்பீக, அந்தா மேல் பெர்த்துல செவத்தப் பாத்துப் படுத்திருக்காளே, அது என் மக, மாரிச்செல்வி. தூங்கலை. தூங்குற மாதிரி படுத்திருப்பா. நேத்து விருதுநகர்ல ஏறுனதுலருந்து அப்படித்தான், சாப்பிட மட்டும் எறங்குறா. ஏசி குளிருதும்மான்னா. பழகிக்கோடி, நீ போற ஊர்ல ஐஸ்கட்டிக்குள்ள இருக்கணும்னு சொல்லி, அவளுக்குக் குடுத்த கம்பளியையும் நானே வாங்கி இந்தா என் கால்மாட்டுல வச்சிருக்கேன். ஒரு விரிப்பு போதும் அவளுக்கு. வளர்ந்த புள்ளதானே.

நாளைக் கழிச்சு காலையில பத்து மணிக்கு அவளுக்கு விசா ஆபீஸ்ல நேர்காணல். என்னையும் கூப்புட்டிருக்காக. அதை நெனச்சா எனக்குச் சோறு எறங்கல.

மொதல்லருந்து சொல்லுறேன், அப்பத்தான் வெளங்கும். மாப்பிள்ளைக்குக் கனடா. ஜெயக்கண்ணன்னு பேரு. நம்ம பக்கத்து ஆளுதான், ஏழெட்டு வருசமா அங்க இருக்காரு. அவரு அக்கா புஷ்பம், சாத்தூர்ல எங்க தெருவுக்கு அடுத்த தெரு. அவதான் கேட்டு வந்தா. என் வீட்டுக்காரரு போயி ஆறு வருசம், ஒத்தப் பொட்டப்புள்ள, நான் வேற என்ன யோசிக்க? சரின்னுட்டேன். செல்வி சிவகாசியில காலண்டர் அடிக்கிற ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல படம் போட்டுக்கிட்டிருந்தா. போட்டோவக் காட்டுனேன், "நேர்ல பாத்துட்டுச் சொல்றேம்மா"ன்னா. நியாயந்தானே? ஆனா மாப்பிள்ளைக்கு ஊருக்கு வர லீவு இல்ல. அப்ப அவரே ஒரு யோசனை சொன்னாரு. நீங்க ரெண்டு பேரும் டூரிஸ்ட் விசாவுல சுத்திப் பாக்க வர்ற மாதிரி வாங்க, இங்கயே கோயில்ல தாலியக் கட்டிருவோம், சட்டப்படி ரிஜிஸ்டர் பண்ணிட்டு நீங்க திரும்பிப் போயிருங்க, பெறகு பொஞ்சாதின்னு சொல்லி நான் முறையாக் கூப்புட்டுக்கிறேன்னாரு.

சுத்திப் பாக்கப் போயி கல்யாணம் பண்ணுறது குத்தமான்னு மதுரையில ஒரு ஏஜென்டுட்ட கேட்டேன். "குத்தம் இல்ல. ஆனா ஏர்போட்டுல எதுக்கு வந்தேன்னு கேக்கும்போது கல்யாணத்துக்குன்னு சொன்னா இப்பவே திரும்பிப் போங்கன்னாலும் சொல்லிருவான். நயாகரா பாக்க வந்தோம்னு மட்டும் சொல்லுங்க. வேற வாயே தொறக்காதீங்க"ன்னு சொன்னாரு. எவளோ ஒரு பொண்ணு கைப்பையில தாலியும் பத்திரிகையும் வச்சிருந்து, அதப் பாத்து அப்படியே திருப்பி அனுப்பிட்டானாம்.

பட்டுச்சேலை பிரச்சினை இல்ல, யாரும் கொண்டு போவாக. தாலிதான் பிரச்சினை. புஷ்பம் மதினி ஆசாரிட்ட சொல்லி, நாள் பாத்துப் பொன் உருக்கிச் செஞ்சு எங்கிட்ட குடுத்துட்டா. அதை எங்க வைக்க? இடுப்புல கட்டுனா மெசின்ல கத்தும்ங்குறாக. பெட்டியில போட்டா தெரியும். கெளம்புற அன்னைக்குக் காலையில இட்லிப் பொடி பொட்டலம் கட்டிக்கிட்டிருந்தேன். டக்குன்னு தோணுச்சு. தாலிய ஒரு மஞ்சத் துணியில முடிஞ்சு, பொடிக்குள்ள பொதைச்சு, மேல இன்னும் ரெண்டு கரண்டி பொடியப் போட்டு ஒட்டிட்டேன். செல்வி பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தா. "ஏம்மா, சாமிக்குத்தம் ஆயிராதா"ன்னா. இதை உசுரே போனாலும் ஒருத்தர்ட்ட சொல்லக்கூடாதுடின்னு அவ கையில அடிச்சுச் சத்தியம் வாங்குனேன். புஷ்பத்துக்குத் தெரியாது, மாப்பிள்ளைக்குத் தெரியாது. கேட்டா சிரிப்பாக. தாலிய மொளகாப் பொடிக்குள்ள வச்ச சம்பந்தின்னு பேராகிப் போகும்ல?

அந்த ஏர்போட்டுக் கதையக் கேளுங்க தங்கச்சி. ஒரு வெள்ளைக்காரன் எங்கள ஓரமாக் கூட்டிட்டுப் போயி நிப்பாட்டுனான். ஒரு போனக் காதுல குடுத்தான், அதுல தமிழ் பேசுற ஒரு பொண்ணு, யாழ்ப்பாணத்துப் பேச்சு. "என்னத்துக்கு வந்தனீங்கள் எண்டு கேக்கினம் அம்மா"ன்னா. நயாகரா பாக்க வந்தோம்னேன். எத்தனை நாள்? நயாகரா பாக்க வந்தோம். எங்க தங்குவீங்கள்? நயாகரா பாக்க வந்தோம்னு அதுக்கும் சொல்லிட்டேன். பெறகு பெட்டியத் தெறந்தான். அந்தப் பொட்டலத்தத் தூக்கி இங்கிட்டும் அங்கிட்டும் கவுத்துப் பாத்தான். உள்ள தாலி உருள்றது எனக்குக் கேட்டுச்சு. சத்தியமாக் கேட்டுச்சு. செல்வி என் கையப் புடிச்சிருந்தா, அவ கை குளுந்து விறைச்சுப் போயிருந்துச்சு. போன்ல அந்தப் பொண்ணு, "தோசை, இட்டலிக்குத் தொட்டுச் சாப்பிடுற பொடி எண்டு சொல்லிவிட்டன் அம்மா, பயப்பிடாதேங்கோ"ன்னா. அந்த மகராசி எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். விட்டுட்டான்.

மாப்பிள்ளை வெளிய நின்னாரு. நல்ல உசரம், அமைதியான மனுசன். சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேச மாட்டாரு, அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. கார்ல ஏறுன உடனே ரெண்டு பேரு பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பத்திரமா உள்ள வச்சுக்கிட்டாரு. திரும்பி வரும்போது மூணு தடவை கேட்டு வாங்க வேண்டியதாப் போச்சு, அம்புட்டுப் பொறுப்பு. நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்னாளே, அதைக் கேக்கறதுக்கு நேரமே இல்ல. மறுநாளே முகூர்த்தம்.

அன்னைக்குக் காலையில விடியுமுன்ன எந்திரிச்சுத் தாலிய எடுத்து, சீயக்காய் போட்டு, மஞ்சத் தண்ணி ஊத்தித் தேய் தேய்னு தேச்சேன். ஆனா கோயில்ல அவரு குனிஞ்சு கட்டுறாரு, லேசா பெருங்காய வாசம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. செல்வி என்னைப் பாத்தா, நான் அவளைப் பாத்தேன், கழுதை களுக்குன்னு சிரிச்சுட்டா! அடக்க முடியாம, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. ஐயரே சிரிச்சுட்டாரு. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கல.

அவ சிரிச்சு நான் பாத்தது அதுதான் கடைசி. பொறுப்பு வந்துருச்சுல்ல, அதான்.

மூணாம் நாளு. மாப்பிள்ளை வீடு பதினாலாவது மாடி. பால்கனிக்குக் கண்ணாடிக் கதவு, இழுத்து மூடுறது. வெளியில பஞ்சு மாதிரி பனி கொட்டிக் கெடக்கு. நான் அடுப்படியில தோசை ஊத்துறேன். மாப்பிள்ளை செல்விட்ட மெதுவாக் கேக்குறாரு, "அன்னைக்கு எதுக்குச் சிரிச்ச?" சும்மாதான்னா. "சரி, வெளிய நின்னு யோசிச்சுச் சொல்லு"ன்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி பால்கனியில விட்டுட்டு, கதவ இழுத்துத் தாப்பாளப் போட்டுட்டாரு. அவ நைட்டியில இருக்கா, கால்ல செருப்பு இல்ல. கையக் கட்டிக்கிட்டு வாட்ச்சப் பாத்துக்கிட்டே நிக்காரு. அவ கதவத் தட்டுனா. அவரைப் பாத்துத் தட்டல தங்கச்சி. என்னையப் பாத்துத் தட்டுனா.

நான் என்ன செய்ய? கையில தோசைக் கரண்டியோட கதவுகிட்ட வரைக்கும் போனேன். "இவளுக்குக் குளிர் பழகணும்ல அத்த, அதுக்குத்தான்"ன்னாரு. சரின்னு திரும்பிட்டேன். புதுசாக் கட்டுன புருசன் பொஞ்சாதி, நடுவுல நான் போனா நல்லாவா இருக்கும்? நல்லதுக்குத்தானே செய்யுறாரு? அடுப்புல தோசை கருகிருச்சு, வேற ஊத்துனேன். பதினோரு நிமிசம் ஆச்சு. உள்ள வரும்போது அவ உதடு ஊதா நிறத்துல இருந்துச்சு. சொல்லவே இல்ல அவருட்ட. பொடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். ராத்திரி காலுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டே கேட்டேன், சொன்னா என்னடின்னு. "சொன்னா உன்னையச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணுவாரும்மா. உனக்கு அவமானம்"னா. பிடிவாதக்காரி, அவுக அப்பா மாதிரி.

நயாகராவா? எங்க பாத்தோம்! இருபது நாள் இருந்தோம், கூட்டிட்டுப் போகவே இல்ல. பனியில ரோடு சரியில்லன்னுட்டாரு.

சொன்ன தேதிக்கு ஒழுங்காத் திரும்பி வந்துட்டோம். அவரு பேப்பர் எல்லாம் போட்டாரு. பொஞ்சாதி மேல எம்புட்டுப் பாசம்ங்குறீக, தினமும் போன்ல படம் தெரியுற மாதிரி பேசணும். பேசாட்டியும் பரவால்ல, போன் தெறந்தே இருக்கணும், ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்குப் பக்கத்துல சாத்தி வச்சிருக்கணும். ஒருநா சார்ஜ் தீந்து போச்சுன்னு ரெண்டு நாள் பேசல அவரு. கடைசியில வேலைய விட்டுருன்னுட்டாரு, விட்டுட்டா. இப்ப ரயில்ல டவர் கிடைக்கலைல, அதான் இன்னைக்கு நிம்மதியா... இல்ல, நிம்மதின்னு எதுக்குச் சொன்னேன். சும்மா சொன்னேன்.

எல்லாம் நல்லபடியாப் போயிக்கிட்டிருக்கும்போதுதான் ஆடி மாசம் அந்த இடி விழுந்துச்சு. விசா ஆபீஸ்லருந்து ஏஜென்டுக்குக் கடுதாசி. எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான், தங்கச்சி. கல்யாணம் பண்ணத்தான் வந்தாக, ஏர்போட்டுல நயாகரான்னு பொய் சொன்னாக, தாலிய இட்லிப் பொடிக்குள்ள மறைச்சுக் கொண்டு வந்தாகன்னு அம்புட்டையும் எழுதியிருக்கான். இதுக்கு என்ன பதில்னு கேட்டு வந்திருக்கு. ஏஜென்ட் போன்ல படிச்சுக் காட்டுனாரு, பொடிங்குற எடம் வந்ததும் நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். பொய் சொன்னது உறுதியானா அஞ்சு வருசத்துக்கு அந்த ஊர்ப் பக்கமே போக முடியாதாம்.

யாரு? யாரு எழுதிருப்பா? எனக்கு நாலு மாசமாத் தூக்கம் இல்ல. புஷ்பம் மதினியா இருக்குமோன்னு அவ வீட்டு வாசல்ல நின்னு கேட்டேன், பேச்சுவார்த்தை முறிஞ்சு போச்சு. எதிர்வீட்டு ஜெயந்தி, அவ மகளுக்கும் இந்த மாப்பிள்ளையக் கேட்டாக, அவளா இருக்குமோன்னு சண்டை. ஆசாரியக் கேட்டேன், அவரு கும்பிடு போட்டுட்டு உள்ள போயிட்டாரு. அந்த யாழ்ப்பாணத்துப் பொண்ணைக்கூட நெனச்சேன், பாவம். யாரும் ஒத்துக்கல. சரி, மனுசன்ட்ட கேட்டாத்தானே பொய் சொல்லுவீகன்னு கருப்பசாமி கோயிலுக்குப் போனேன்.

உங்க பக்கம் உண்டா, காசு வெட்டிப் போடுறது? எங்க பக்கம் உண்டு. கெடுத்தது யாருன்னு தெரியலைன்னா, சாமி முன்னால ஒரு காச உளிய வச்சு ரெண்டா வெட்டிப் போட்டு, கேட்டுக்கிடணும். அவரு பாத்துக்கிடுவாரு. விளையாட்டு இல்ல, வெட்டிட்டா வெட்டுனதுதான். காச வெட்டி, தலைய விரிச்சுப் போட்டு, "கருப்பா, என் புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்ட அந்தக் கடுதாசிய எழுதுன கை அழுகி விழணும்"னு மூணு தடவ சொன்னேன். செல்வியும் பக்கத்துலதான் நின்னா. மொகம் வெளுத்துப் போச்சு அவளுக்கு. கோயில் வேண்டாம்மா வேண்டாம்மான்னு சொல்லிக்கிட்டே வந்தவ. பயந்த சுபாவம். திரும்பி வரும்போது வழி பூரா வலது கையச் சேலைக்குள்ள பொத்திக்கிட்டே வந்தா.

இந்தா, இந்தத் தாளப் பாருங்க. நாளைக் கழிச்சு என்ன சொல்லணும்னு ஏஜென்ட் எழுதிக் குடுத்தது. "நாங்கள் சுற்றுலாவுக்குத்தான் சென்றோம். நயாகராவில் எதிர்பாராமல் ஜெயக்கண்ணனைச் சந்தித்தோம். என் மகளுக்கும் அவருக்கும் அங்கே காதல் ஏற்பட்டது." நல்லா இருக்குல்ல? மனப்பாடம் பண்ணிட்டேன். ஆனா நயாகரா எப்படி இருந்துச்சுன்னு கேட்டா? போட்டோவுல பாத்து வச்சிருக்கேன், குதிரை லாடம் மாதிரி வளைஞ்சு விழுது. சத்தம் எப்படி இருக்கும்? சாரல் மேல படுமா? குத்தாலம் மாதிரின்னு சொல்லிரட்டுமா? பொய் சொல்லிச் சொல்லி எனக்கு எது நடந்துச்சு எது நடக்கலைன்னே கொழப்பமா இருக்கு தங்கச்சி. புள்ளைக்கு விசா கிடைக்காமப் போனா அவ வாழ்க்கை என்னாகும்? அதுதான் என் பயம். வேற ஒண்ணும் இல்ல.

என்ன கேட்டீக? பொடி வெவரம் வேற யாருக்குத் தெரியும்னா?

யாருக்கும் தெரியாதுன்னு சொன்னேன்ல. மாப்பிள்ளைக்கே தெரியாதே. அதைச் சொல்லாம இருக்கத்தானே புள்ள பனியில நின்னுச்சு. எனக்கும் அவளுக்கும் மட்டுந்தான்...

ஏன் அப்படிப் பாக்குறீக? மேல எதுக்குப் பாக்குறீக தங்கச்சி? போங்க. அவ எதுக்கு எழுதப் போறா? தன் தலையில தானே எவளாவது மண்ணள்ளிப் போடுவாளா? அவளுக்கு என்ன கொறை அங்க? நல்ல மாப்பிள்ளை, சத்தம் போட்டு ஒரு வார்த்தை...

"நாந்தாம்மா எழுதினேன்."

செல்வி. முழிச்சுத்தான் இருக்கியா? என்னடி சொல்லுற?

"நாந்தான் எழுதினேன். பொய் சொன்னதுக்கு விசா தர மாட்டோம்னு சொல்லிருவாங்கன்னு நெனச்சேன். அவங்க உங்கிட்ட பதில் கேட்டு எழுதுவாங்கன்னு படிச்சிருந்தேன், அதான் பொடி விஷயத்தையும் எழுதினேன். அதைக் கேட்டா நீ கண்டுபிடிச்சிருவேன்னு. நாலு மாசமா ஊர்ல அத்தனை பேர் வீட்டு வாசல்லயும் போயி நின்ன. எங்கிட்ட மட்டும் நீ கேக்கவே இல்ல."

வாயில சொல்லியிருக்கலாம்லடி.

"கண்ணாடியத் தட்டிச் சொன்னேனேம்மா."

இருங்க தங்கச்சி, கொஞ்சம் இருங்க. தண்ணி இருக்கா?

நான் காச வெட்டிட்டேனே. மூணு தடவ சொன்னேனே. அவ பக்கத்துல நிக்கும்போதே சொன்னேனே. கருப்பா, எனக்குத் தெரியாதுய்யா. அது என் புள்ள கை. எடுத்த வாக்க எங்கிட்ட திருப்பிக் குடுத்துரு. அழுகணும்னா, கதவுகிட்ட வரைக்கும் போயிட்டுத் தோசை ஊத்தத் திரும்புச்சே, அந்தக் கை அழுகட்டும்.

செல்வி, அந்தக் கையக் கீழ நீட்டுடி. நீட்டு, பாக்கணும். வலது கை. ஆத்தி, என்ன இப்படி ஐஸ் மாதிரி இருக்கு. அன்னைக்கு ஏர்போட்டுல இருந்த மாதிரியே இருக்கு.

தங்கச்சி, இந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுருங்க. நான் இவ கையப் புடிச்சிருக்கேன். ஆமா, நயாகரா எழுதுனதுதான். அந்த ஆபீசர் கேட்டா நாங்க நயாகராவே பாக்கலைன்னு சொல்லிருவேன். தாலியப் பொடிக்குள்ள வச்சது நாந்தான், என் புள்ள இல்லன்னு சொல்லுவேன். பால்கனிய எப்படிச் சொல்லுறதுன்னுதான் தெரியல. அதையும் சொல்லணும். என்னையப் புடிச்சு உள்ள போடுவாகளா? போட்டா அவளை யாரு ஊருக்குக் கூட்டிட்டுப் போவா? நீங்க டெல்லியில எங்க தங்குவீக, நம்பர் குடுங்க எனக்கு. ஊர்ல என்ன சொல்லுவாக, அந்த ஆளு என்ன செய்வான், எனக்கு ஒண்ணும் தெரியல. பயமாத்தான் இருக்கு. முன்னைவிடப் பயமா இருக்கு.

இந்தக் கம்பளிய அவகிட்ட எட்டிக் குடுங்க தங்கச்சி, எனக்குக் கை எட்டல. இல்ல, வேண்டாம். செல்வி, நீ கீழ எறங்கி வா. என் பக்கத்துல வா.

குளிருதாடி?

"குளிருதும்மா."